துண்டுக்குள்ள முடியற யாவாரம்

அந்தப் பையைத் தூக்கி மடியில வெச்சுக்குங்க தம்பி. சீட்டு ரெண்டு ஆளுக்குத்தான், பைக்கு இல்லீங்க. அப்படித்தான். இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுங்குங்க. இன்னுங் கொஞ்சம். போதும். எச்சாக் கேட்டாத்தான் நமக்குச் சேர வேண்டியதாவது வந்து சேரும். என்ற தொழில் எனக்குக் கத்துக்குடுத்தது அது ஒண்ணுதான்.

எங்க போறீங்க? கரூருங்களா? கல்யாணம் ஆயிருச்சுங்களா? இருக்கட்டும், பொறவு சொல்லுங்க. நான் குளித்தலை போறேன். சண்டைக்கு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? உங்ககூட இல்லீங்க. குளித்தலையில ஜமாலுதீன் பாய்னு ஒரு குதிரை யாவாரி இருக்காரு. என்னை ஏமாத்திப்போட்டாரு. என்னை! கதவுக்கடை அங்கப்பனை! அத்தாணிப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்க. பழைய ஊடு இடிக்கற எடத்துல கதவு, நெலைக்காலு, உத்தரம் எல்லாம் வெலைக்கு எடுக்கறவன் நான். ஆரம்பத்துல இதே மாதிரி எடத்துல ஆணி பொறுக்குனவன். வளைஞ்ச ஆணியக் கல்லுல வெச்சு நிமுத்தி வித்து மேல வந்தவனுங்க. பள்ளிக்கூடம் போகலை. அடி வாங்குன எடமெல்லாந்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பி வருமில்லீங்களா, அங்க குதிரைச் சந்தை கூடும். கதவு வாங்கறவனுக்குக் குதிரைச் சந்தையில என்ன சோலின்னு கேப்பீங்க. கேளுங்க. வேண்டாம், நானே சொல்லிர்றேன். சும்மாதான் போனேன். போன எடத்துல ஒரே கூட்டம். பூந்து பாத்தா, நடுவுல ஒரு மட்டக்குதிரை. மட்டத்துலயும் மட்டம், என்ற இடுப்பு ஒசரந்தான் இருக்கும். தவிட்டு நெறம். நெத்தி முடி விழுந்து மூஞ்சியே தெரியலை. நாய்க்குப் பெருசு, கன்னுக்குட்டிக்குச் சிறுசு. ஆளாளுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கறாங்க. பண்ணை ஊட்டுக்காரரு ஒருத்தரு, கூலிங் கிளாசு போட்டுட்டு, பாய்கிட்டச் சொல்றாரு: "இதுக்குப் பொறந்த குட்டி ஒண்ணு கெடைச்சாச் சொல்லுங்க, என்ன வெலைன்னாலும் சரி."

என்ன வெலைன்னாலும் சரி! தம்பி, அந்த வார்த்தையக் கேட்டா என்ற காதுல நாதசுரம் வாசிச்ச மாதிரி இருக்குமுங்க. அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டேன். இதை வாங்கறோம், ஒரு பெட்டையோட சேக்கறோம், வருசா வருசம் குட்டி.

சந்தையில வெலை பேசறது எப்படின்னு தெரியுங்களா? ரெண்டு பேரு கையும் சேத்து மேல ஒரு துண்டப் போட்டு மூடிக்கோணும். உள்ளுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் பேச்சு. வாய் தொறக்கக் கூடாது. பக்கத்துல நிக்கறவனுக்கு வெலை தெரியக் கூடாதுல்ல, அதுக்கு. பாய் என்ற கையப் புடிச்சு ஒவ்வொரு வெரலா அமுத்துனாரு. எனக்குத் தாங்கலீங்க. "ஏய்யா, இது குதிரையா, கோயில் தேரா?"ன்னு போட்டேன் ஒரு சத்தம்.

சந்தையே திரும்பிப் பாத்துருச்சு. அந்தக் குட்டைக் குதிரை என்ன பண்ணுச்சு தெரியுங்களா? நாலு காலையும் ஒடுக்கிட்டுப் போயி பாய் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிச்சு.

"மொதலாளி, துண்டுக்குள்ள கைய விட்டுட்டு வாயால பேசுறீங்களே. மெதுவா. இது சத்தத்துக்கு ஆகாத பிராணி"ங்கறாரு பாய்.

வெலையக் கொறைக்காம இருக்க என்ன சாக்குப் பாருங்க! நான் வுடுவனா? இன்னும் சத்தம் போட்டேன். கூட்டம் சேந்துருச்சு. மானத்துக்குப் பயந்த மனுசன், எறங்கி வந்துட்டாரு. நான் கேட்ட வெலைக்கே முடிச்சேன். குட்டியானை வண்டியில ஏத்தி ஊட்டுக்குக் கொண்டு வந்து மிராசுன்னு பேரு வெச்சேன். பேராவது பெருசா இருக்கட்டுமே.

வந்த அன்னிக்கே ரோட்டுல ஒரு பெட்டைக் கழுதை போச்சு. நம்ம மிராசு கழுத்தத் தூக்கிட்டுக் கனைக்குது, காலால மண்ணப் பறிக்குது. கழுதையப் பாத்து! என்ற மானம் போச்சு. போட்டேன் மூஞ்சி மேலயே ஒண்ணு. "அடங்குடா நாயே!" அதுக்கப்பறம் கழுதை என்ன, எது போனாலும் தலை தூக்குறதில்லை. அத்தனை அடக்கம். நான் வளக்கற வளப்பு அப்படிங்க.

என்ற பையனும் அப்படித்தான். லோகநாதன்னு பேரு. ஒரே பையன். காலேசுல படிக்கறப்ப பஸ் ஸ்டாப்புல ஒரு புள்ளைகூடச் சிரிச்சுப் பேசிட்டு நின்னான். நான் பாத்துட்டேன். அங்கயே, அத்தனை பேரு முன்னாடியும் ஒரே ஒரு அறை. அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் எந்தப் பொட்டப் புள்ளையவும் நிமுந்து பாத்ததில்லை. என்ற முன்னாடி வாயே தொறக்க மாட்டான். அடக்கமான பையன்.

ஆனாப் பாருங்க, அவனுக்கு இன்னும் கல்யாணம் அமையலை. வயசு முப்பது தாண்டிருச்சு. ஏன்னே புரியலீங்க. எத்தனையோ எடம் கூட்டிட்டுப் போயிட்டேன். பெருந்துறையில ஒரு எடம், நல்ல எடம். அந்தப் புள்ளை, "மாப்பிள்ளைகூடத் தனியாப் பேசோணும்"னுச்சு. "தனியா என்ன பேச்சு? இங்கயே பேசுங்க, நான் என்ன மூணாம் மனுசனா?"ன்னேன். "பேசுறா!"ன்னு இவன் தொடையத் தட்டுனேன். பய வாயத் தொறந்தான், காத்துதான் வந்துச்சு. சரி, இவன் பேச மாட்டான், நாமளாவது பேசலாம்னு மண்டபச் செலவ யாரு பாத்துக்கறதுன்னு ஆரம்பிச்சேன். காப்பி வரலை. பொண்ணோட அப்பன் உள்ள போனவரு வெளிய வரவே இல்லை. காலம் கெட்டுப் போச்சுங்க.

ஏனுங்க கண்டக்டரு, டிக்கெட்டுத்தான் வாங்கிட்டமே, எத்தனை தடவை என்ற காலை மிதிச்சுட்டுப் போவீங்க?

எங்க விட்டேன்? ஆங், பெட்டை. லோகுதான் சொன்னான். கோபியில ஒரு புள்ளை, கோகிலவாணின்னு பேரு, பார்க்கு வாசல்ல குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி வுடுது. அப்பன் பாத்த தொழிலு, அவரு செத்த பொறவு இந்தப் புள்ளையே பாத்துக்குது. அதுங்கிட்ட மாதுளைன்னு ஒரு பெட்டை இருக்குதுன்னான். உனக்கு எப்படிடா தெரியும்னேன். அந்தப் பக்கம் போறப்பப் பாத்தேன்னான். போறவன்தான். ஞாயித்துக்கெழமையானாப் பைக்கை எடுத்துட்டு கோபிக்குப் போயிருவான், பொழுதோடதான் வருவான். கேட்டா வண்டி பஞ்சரும்பான். வாராவாரம் பஞ்சரு. கோபி ரோட்டுல ஆணி அப்படிக் கெடக்குதாட்டம் இருக்குது. என்ற காலத்துல கெடந்திருந்தா நான் எப்பவோ பணக்காரன்.

அந்தப் புள்ளை பெட்டையக் கூட்டிட்டு வந்துச்சு. மொதக் குட்டி எனக்கு, ரெண்டாவது உனக்குன்னு ஒரு பேச்சு. நான் கேட்டேன், "ஏம்மணி, மொத ரெண்டும் எனக்குன்னு வெச்சுக்கலாமா?" அது லோகுவ ஒரு பார்வை பாத்துட்டு, "சரிங்கய்யா, எங்க இருந்தா என்ன?"ன்னுருச்சு. உடனே ஒத்துக்கறவங்களக் கண்டா எனக்குக் கொஞ்சம் பயம். யாவாரந் தெரியாத புள்ளை போலன்னு விட்டுட்டேன்.

மாதுளை மிராசை விட ஒசரமுங்க. இவன் எட்ட மாட்டான். அதனால பெட்டையோட பின்னங்காலு நிக்கற எடத்துல மண்ணை எடுத்துப் பள்ளம் பண்ணோணும். அந்தப் புள்ளை ஒரு மொழம்னுச்சு. நான் அரை மொழம்னேன். அது முக்காவுக்கு வந்துச்சு. நான் அரைக்கு மேல தாண்டலை. பழக்கமுங்க, யாரு எதைச் சொன்னாலும் பாதியில இருந்துதான் ஆரம்பிப்பேன். லோகு மம்புட்டியோட நின்னுட்டு அது மூஞ்சியப் பாத்தான், என்ற மூஞ்சியப் பாத்தான், அரை மொழந்தான் வெட்டுனான்.

அப்பறம் என்ன? மிராசு எட்டலை. அதுக்கும் அந்தப் பாய்தான் பொறுப்பு. குட்டைன்னு சொல்லி வித்தாரே ஒழிய இத்தனை குட்டைன்னு சொன்னாரா?

பொறவு ராத்திரியோட ராத்திரியா யாரோ பள்ளத்தை ஆழப்படுத்திட்டாங்க. எலியா இருக்கும்.

பள்ளம் சரியாச்சு, குதிரை சரியாகலை. ஊற வெச்ச கொள்ளு குடுத்தேன். நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் ஊத்துனேன். என்ற மகன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை மெனக்கெட்டதில்லீங்க. முனியப்பங் கோயிலுக்கு ஆளொசர மண்குதிரை வெக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். அடுத்த நாளு யோசிச்சுப் பாத்தா, வேலையே முடியலை, அதுக்குள்ள எதுக்கு ஆளொசரம்? முழங்காலொசரம் போதும்னு சாமிகிட்டயே கொறச்சுக்கிட்டேன். மாட்டாசுபத்திரி டாக்டரும் வந்து பாத்தாரு. "ஒடம்புல ஒரு கொறையும் இல்லீங்க. பயம்தான். முன்னாடி எப்பவாவது பெட்டையப் பாத்துக் கனைச்சப்ப அடிச்சீங்களா?"ன்னாரு. "நான் எதுக்கு அடிக்கறேன்? அன்னிக்குப் போனது கழுதை"ன்னேன். எழுந்து போயிட்டாரு.

மிராசு அடச்சிருக்கற எடத்துக்குப் பக்கத்துலயே நான் நிப்பேன், கையில ஒரு குச்சியோட. அடிக்கறதுக்கு இல்லீங்க, சும்மா ஒரு தெம்புக்கு. பெட்டை வந்து நிக்கும். வாலை ஒதுக்கும். அது தயாரு. இவன் மெதுவா மோந்து பாப்பான், ஒரு காலு முன்ன வெப்பான். எனக்குக் கை பரபரங்கும். "ஏறுறா! அப்படித்தான்! ஏறுறாங்கறேன்!" அவ்வளவுதான். மிராசு தலையத் தொங்கப் போட்டுட்டுச் செவுத்தப் பாத்து நின்னுக்கும்.

"ஐயா, நீங்க கொஞ்சம் அக்கட்ட போறீங்களா?"ங்கும் அந்தப் புள்ளை.

"ஏம்மணி, என்ற குதிரை, என்ற தோட்டம், என்ற பள்ளம். நான் எதுக்குப் போகோணும்?"

"இல்லீங்கய்யா, அது உங்களைப் பாத்தா..."

"பாத்தா என்ன? பாக்கட்டும். சோறு போடறவனப் பாக்காம?"

லோகு கவுத்தப் புடிச்சுட்டு நிப்பான். மிராசும் இவனும் ஒரே மாதிரி செவுத்தப் பாத்துட்டு நிக்கறதப் பாத்தா எனக்கு எரியும். "ரெண்டு கழுதைகளுக்கும் சேத்து நானே சோறு போடறேன்"னு கத்துவேன். அந்தப் புள்ளைக்கு மூஞ்சி செவந்துரும். அதுக்கு எதுக்குச் செவக்குதுன்னு தெரியலை. குதிரைக்காரிங்களுக்கே கொஞ்சம் கோவம் எச்சு.

அப்பறம் நெனச்சேன், நாலு பேரு இருந்தா ஒரு ஊக்கமா இருக்கும். நம்ம மனுசனுக்கே கூட்டம் இருந்தாத்தான் வீரம் வருது. போன வெள்ளிக்கெழமை ஊருல எல்லார்த்தையும் கூப்புட்டேன். பந்தல்காரங்கிட்ட நாற்காலி எடுத்துப் போட்டேன். பஜ்ஜி, காப்பி. மிராசுக்கு ஒரு மாலை. பாப்பாத்தி, என்ற ஊட்டுக்காரி, அவ தலையில அடிச்சுக்கிட்டா. "உங்களுக்கென்ன கிறுக்கா? வாயில்லாச் சீவன். நம்மளயே இத்தனை பேரு சுத்தி நின்னு பாத்தா..."ன்னா. "ச்சீ, என்ன பேச்சு பேசற?"ன்னேன். வெக்கங்கெட்டவ.

பெட்டை வந்துச்சு. ஊரே மூச்சப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்குது. மிராசு என்ன பண்ணுச்சு? கழுத்துல கெடந்த மாலையத் திங்க ஆரம்பிச்சுது. ஒவ்வொரு பூவா, நிதானமா. மாலை முடிஞ்சுது. செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிச்சு.

டீக்கடை காளியண்ணன் எந்திரிச்சு நின்னு கேக்கறான்: "ஏனுங் மாமோய், பொண்ணு பாக்க வந்துட்டு பஜ்ஜி மட்டும் தின்னுட்டு, ஊட்டுக்குப் போயித் தகவல் சொல்றோம்னு போறது உங்க குடும்ப வழக்கமுங்களா?"

அத்தனை பேரும் சிரிச்சாங்க தம்பி. என்ற பஜ்ஜியத் தின்னுட்டு! எவனோ போன்ல வேற படம் புடிச்சுட்டான். இப்பப் பழைய கதவு வாங்க வர்றவன்கூட, "மிராசு எப்படி இருக்காரு?"ன்னு கேட்டுட்டுத்தான் வெலையே பேசறான். நான் குதிரைக் கதையச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் வெலைய முடிச்சுக்கறான். இந்தக் குதிரையால தொழிலே போயிருமாட்டம் இருக்குது.

லோகு அன்னிக்கு எங்க போனான்னு தெரியலை. கவுத்தக் கீழ போட்டுட்டுப் போயிட்டான். அந்தப் புள்ளையும் பின்னாடியே போச்சு. கவுறு எடுக்கவா இருக்கும்.

நாளைக்குப் பெட்டைய ஓட்டிட்டுப் போயிருவாங்க. பள்ளிக்கூடம் லீவு வுட்டுருவாங்க, பார்க்குல குழந்தைக கூட்டம் வந்துரும், அந்தப் புள்ளையோட பொழப்பு அது. பெட்டையோட பருவமும் நாளையோட சரி. இன்னிக்கு நடந்தா உண்டு. நடக்கலைன்னா வர்ற ஆடியில சந்தைக்குள்ள நான் தலை காட்ட முடியாது. அங்கப்பன் மலட்டுக் குதிரைய வாங்கிட்டான்னு ஊரு சொல்லும். அதுவும் அத்தனை சத்தம் போட்டு வாங்குனேன், எல்லார்த்துக்கும் தெரியும்.

நேத்துப் பாய்க்குப் போன் போட்டேன். "யோவ், குதிரையத் திருப்பி எடுத்துக்கோ"ன்னேன். மனுசன் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. நாற்காலி போட்டதச் சொன்னப்ப மட்டும் இருமுனாரு. சிரிப்ப அடக்குனதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அப்பறம் சொல்றாரு: "மொதலாளி, சில யாவாரம் துண்டுக்குள்ளதான் முடியும். நீங்க துண்டை எடுத்து ஒதறிட்டு நிக்கிறீங்க."

என்ன எகத்தாளம்! வித்தவன் வாங்குனவனுக்குப் புத்தி சொல்றதா? அதான் கெளம்பிட்டேன். நேருல போயி நாலு பேரு முன்னாடி கேக்கப் போறேன்.

பாப்பாத்தி காலையில, "போயிட்டு வாங்க, நல்லாக் கேட்டுட்டு வாங்க"ன்னா. எப்பவும் சண்டைக்குப் போறேன்னா அழுவா. இன்னிக்குக் கட்டுச்சோறு கட்டிக் குடுத்தா, ராத்திரிக்கும் சேத்து. "ஒண்ணும் அவசரமில்லை, கரூருல உங்க சித்தி ஊட்டுல தங்கிட்டு நாளைக்குக்கூட வாங்க"ன்னா. இத்தனை வருசத்துல என்னை இப்படி வழியனுப்பித் தாட்டி வுட்டதே இல்லீங்க. வயசாக வயசாகப் பாசம் கூடும்பாங்க, நெசந்தான் போல.

இருங்க, போனு. ஊட்டுல இருந்துதான்.

என்ன புள்ளை? ... சத்தமாப் பேசு, பஸ்ஸுல இருக்கேன். ... ஊஞ்சலூரு தாண்டிட்டேன். ... எது? ... என்ன நடந்துருச்சு? ... எப்ப? ... மறுக்காச் சொல்லு. ... ரெண்டு தடவையா!

தம்பி! கேட்டீங்களா? ஏறிருச்சாமாங்க! நான் பஸ் ஏறுன சித்த நேரத்துக்கெல்லாம்! ரெண்டு தடவை!

ஏன் புள்ளை, எப்படி நடந்துச்சு? ... யாரு, லோகுவா? ... என்னத்தக் கட்டுனான்? ... வேட்டியா? என்ற வேட்டியவா?

அடச்சிருக்கற எடத்தச் சுத்தி வேட்டியும் போர்வையும் கட்டி மறச்சுட்டானாமுங்க. ஒரு ஈ, காக்கா உள்ள பாக்க முடியாத மாதிரி. குதிரையும் பெட்டையும் மட்டும் உள்ள. ஒருத்தரும் பேசலையாம். அதான் துண்டப் போட்டு மூடுன மாதிரி... ஆங். சரி. அது கெடக்கட்டும்.

யாரு? ஆரு பேசறது? ... ஓ, கோகிலவாணியா. சொல்லம்மணி. ... சரி. ... சரி சரி.

பாத்தீங்களா, இந்தப் புள்ளை இத்தனை நாளா ஐயா, ஐயாங்கும். இன்னிக்கு, "நல்லபடியா முடிஞ்சுதுங்க மாமா"ங்குது. மரியாதை இப்பத்தான் வருது. குட்டியில பங்கு இருக்குதல்ல, அதான்.

இரு புள்ளை, பின்னாடி யாரு அது சிரிக்கறது? ... யாரோ ஆம்பளைச் சிரிப்பு கேக்குது. நம்ம ஊட்டுல யாரு அது? ... லோகுவா? ... நம்ம லோகுவா?

...

அவன் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்களே தம்பி. வேற யாரோன்னு நெனச்சுட்டேன்.

சரி, சொல்லு புள்ளை. ... வெத்தலை பாக்கா? எதுக்கு? ... பூவும் எச்சாவா? ... வந்து பேசிக்கலாம்னா என்ன விசயம்? ... சரி, வாங்கிட்டு வர்றேன், வையி. முனியப்பனுக்கா இருக்கும். குதிரை முழங்காலொசரந்தான்னு முன்னமே சொல்லிட்டேன், இப்பப் பூவுல ஏத்தறா.

இரு, இரு! வெச்சுராதே! இதக் கேளு. அந்த வேட்டியெல்லாம் அவுத்து வுடச் சொல்லு. பெட்டைய அக்கட்ட கட்டு. மிராசை இக்கட்ட கட்டு. நான் வர்ற வரைக்கும் அங்க ஒண்ணும் நடக்கக் கூடாது. ஆமா! என்ற கண்ணு முன்னாடி இன்னொருக்கா நடக்கோணும். காளியண்ணனையும் வரச் சொல்லு. அந்த நாற்காலிக்காரனுக்கும் சொல்லியனுப்பு... அலோ? அலோ?

கட் ஆயிருச்சு. டவரு இல்லை போல.

ஏனுங்க கண்டக்டரு, கொடுமுடியில நிறுத்துங்க, எறங்கோணும். குளித்தலை வரைக்கும் காசு வாங்கியிருக்கீங்க, மிச்சத்தக் குடுங்க. அதென்ன குடுக்க மாட்டீங்க? போகாத தூரத்துக்கு எதுக்குங்க காசு? பாதியாவது குடுங்க. எறங்கி நின்னு பேசிக்கறேன், பஸ்ஸு நிக்கட்டும்.

பாய்க்கு ராத்திரி போன் போட்டுச் சொல்லிருவேன், நான் பழக்குன பழக்கத்துல குதிரை வழிக்கு வந்துருச்சுன்னு. அவரும் தெரிஞ்சுக்கட்டும்.

நான் வர்றேன் தம்பி. இத்தனை தூரம் வந்தோம், நீங்க ஒரு வார்த்தை வாயத் தொறக்கலையே. தலையே நிமுத்தலை. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா! உங்க அப்பா உங்களை நல்லா வளத்திருக்காருங்க.